ஜீப்பைப் பெற்ற ஊருக்குக் கிடைத்த பெட்டி

ஜீப் என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. பழைய தமிழ்ப் படங்களில் கடைசிக் காட்சியில் போலீஸ்காரர் வந்து இறங்குவது ஜீப்பில். தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டால், பெரிய துரை காலையில் சுற்றி வந்ததும் ஜீப்பில்தான் என்பார்கள். கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் லேண்ட் ரோவரைக்கூட நம்மில் பலர் ஜீப் என்றே சொல்கிறோம்.

இரண்டாம் உலகப் போர்க்காலப் படங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல படங்களில் ஜீப்புக்குப் பின்னால் இரண்டு சக்கரங்களில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி ஆடிக்கொண்டே வரும். மேலே தார்ப்பாய் கட்டியிருக்கும். அதுதான் ஜீப் டிரெய்லர். ஜீப்பைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு, பொம்மைகள் உண்டு. டிரெய்லரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

திரும்பிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பட்லர் என்ற ஊருக்குப் போக வேண்டும். கடந்த ஜூன் மாதம் பிட்ஸ்பர்க்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது, இரண்டு நாள் ஒதுக்கி அங்கே போய் வந்தேன்.

பட்லர் என்ற ஊர்

பிட்ஸ்பர்க்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரம். வழியெல்லாம் மேடும் பள்ளமுமான பச்சை. 2024 ஜூலையில் டொனால்ட் டிரம்ப் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது இந்த ஊரின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. பலருக்கு அதுதான் அறிமுகம்.

அமெரிக்க விடுதலைப் போரில் பங்கேற்ற ரிச்சர்ட் பட்லர் என்ற தளபதியின் பெயரைத்தான் இந்த வட்டாரத்துக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் காதுக்கு பட்லர் என்றால் துரை வீட்டில் தட்டு ஏந்தி நிற்பவர். காரை ஓட்டிக்கொண்டிருந்த அத்தானிடம் இதைச் சொன்னேன். "பேருக்கு ஏத்த கதைதான் இந்த ஊருக்கு. முதல்ல போய்ப் பாரு" என்றார்.

மெயின் ஸ்திரீட் நீளமான தெரு. நடுவில் மணிக்கூண்டு வைத்த பழைய நீதிமன்றம், எதிரே சின்னப் பூங்கா. உருக்காலை இன்னும் ஓடுகிறது. சாதாரணத் தொழிலாளர் ஊர். ஆனால் ஜூன் மாதம் ஜீப் திருவிழா வந்துவிட்டால் இந்த ஊரின் முகமே மாறிவிடுகிறது. 2011இல் தொடங்கிய இந்தத் திருவிழாவில், முதல் ஆண்டே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் ஒரே வரிசையில் ஊர்வலம் போய் கின்னஸ் சாதனை படைத்தன. உலகின் முதல் ஜீப் பிறந்தது இங்கேதான் என்பதை ஊர் அப்படித்தான் உரக்கச் சொல்கிறது.

சின்னச் சேவல்

1930இல் இங்கே ஒரு கார் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. பிரிட்டனின் ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் காரை உரிமம் வாங்கி அமெரிக்காவில் செய்து விற்பது திட்டம். அமெரிக்கர்களுக்குக் குட்டிக் கார் பிடிக்கவில்லை. அதோடு பொருளாதார மந்தக் காலம். நிறுவனம் திவாலானது. ராய் எவன்ஸ் என்ற வணிகர் அதை வாங்கி, அமெரிக்கன் பேன்டம் கார் கம்பெனி என்று புதுப் பெயர் வைத்தார்.

பேன்டம் என்பது குள்ளக் கோழி இனத்தின் பெயர். இந்தப் பெயர் நம் பக்கத்துச் சரக்கு. ஜாவாவின் மேற்கு முனையில் இருக்கும் பன்டென் துறைமுகத்தை ஐரோப்பியர் பேன்டம் என்று அழைத்தார்கள். அங்கிருந்து கப்பல்காரர்கள் வாங்கிப்போன சின்னக் கோழிகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பட்லர் கம்பெனியின் சின்னமும் ஒரு சேவல்தான். உருவம் சிறிது, வீறாப்பு பெரிது.

1940 வாக்கில் அந்தச் சேவலுக்கும் மூச்சு வாங்கியது. கார் விற்பனை கிட்டத்தட்ட நின்றுபோன நேரம். ஐரோப்பாவில் ஹிட்லரின் படை பிரான்சைப் பிடித்திருந்தது. அமெரிக்க இராணுவம் அவசரமாக ஒரு சின்ன உளவு வண்டியைத் தேடியது. எடை குறைவாக இருக்க வேண்டும், நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பினார்கள். பதில் கொடுத்தவை இரண்டே இரண்டு: பட்லரின் பேன்டம், ஒஹாயோ மாநிலம் டொலிடோவின் வில்லிஸ் ஓவர்லேண்ட்.

நாற்பத்தொன்பது நாள்

முதல் வண்டியை 49 நாளில் செய்து கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. வில்லிஸ் கூடுதல் நாள் கேட்டது. பேன்டம் சரி என்றது. சரி என்று சொன்ன கம்பெனியிடம் வண்டியை வரைய ஒரு வடிவமைப்பாளர்கூட இல்லை. டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரை வரவழைத்தார்கள். 1940 ஜூலை நடுவில் வந்த அவர், இரண்டே நாளில் முழு வண்டியின் வரைபடத்தையும் போட்டு முடித்தார்.

பிறகு பட்டறைக்காரர்களின் வேலை. கிடைத்த இடத்தில் பாகம் வாங்கி, கிடைக்காததைத் தாங்களே வளைத்து, செப்டம்பர் 21ஆம் தேதி வாக்கில் வண்டியை ஓட வைத்துவிட்டார்கள். 23ஆம் தேதி மாலை 5 மணிக்குள் அது மேரிலாந்து மாநிலத்தின் ஹொலபர்ட் முகாமில் இருக்க வேண்டும். லாரியில் ஏற்றவில்லை, ஓட்டியே போனார்கள். புது எஞ்சினை விரட்டக்கூடாது என்று முதலில் மெதுவாக, கடைசியில் நேரம் நெருக்க வேகமாக. முகாம் வாசலில் நுழைந்தபோது மணி நாலரை. கெடு முடிய அரை மணி நேரம் பாக்கி.

வண்டி இராணுவத்துக்குப் பிடித்துப் போனது. சிக்கல் அதற்குப் பிறகுதான். இவ்வளவு சின்னக் கம்பெனியால் படை கேட்கும் எண்ணிக்கையைச் செய்து தர முடியுமா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். பேன்டமின் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்தார்கள். மூன்று நிறுவனங்களும் தங்கள் மாதிரிகளைச் செய்தன. 1941இல் பெரிய ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது. இரண்டாவது உற்பத்தியாளராக ஃபோர்டு சேர்ந்தது. போர் முடிவதற்குள் அந்த இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. பட்லரில் செய்த ஜீப்புகள் மொத்தமே மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றிலும் பெரும்பகுதி பிரிட்டனுக்கும் சோவியத் யூனியனுக்கும் போய்விட்டன.

பேன்டமுக்கு என்ன கொடுத்தார்கள்? ஜீப்பின் பின்னால் மாட்டும் டிரெய்லரைச் செய்யும் வேலை. அத்தான் சொன்ன "பேருக்கு ஏத்த கதை" இதுதான்.

பெட்டிக்குள் இருந்த யோசனை

தந்த வேலையை பட்லர்காரர்கள் முகம் சுளித்துச் செய்யவில்லை என்பதற்கு அந்த டிரெய்லரே சாட்சி. ஜீப்பில் நான்கு பேர் ஏறினால் பொருள் வைக்க இடமில்லை. குண்டு, தண்ணீர், உணவு, மருந்து, வானொலிக் கருவி எல்லாம் எங்கே போகும்? பின்பெட்டியில். பேன்டம் டி-3 என்று அழைக்கப்படும் அந்தப் பெட்டி ஆறடி நீளம், நாலடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், ஒன்றரை அடி ஆழம். கால் டன் வகை. ஏற்றக்கூடிய சுமை 500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 227 கிலோ.

சக்கரமும் டயரும் ஜீப்பில் இருக்கும் அதே அளவு. ஜீப்பின் டயர் கிழிந்தால் டிரெய்லரிலிருந்து கழற்றி மாட்டலாம். தடம் அகலமும் அதேதான். ஜீப் நுழைந்த சந்தில் டிரெய்லரும் நுழையும்.

இன்னொன்று, அது மிதக்கும். பெட்டி நீர் புகாதபடி மூடி ஒட்டிய தொட்டி. ஆழமான ஆற்றில் ஜீப் தத்தளித்துப் போகும்போது பின்னால் இது படகு மாதிரி மிதந்து வரும். நீர் புகாத பெட்டிக்குள் மழை பெய்தால் என்ன ஆகும்? குளமாகும். அதற்காகத் தரையில் தண்ணீர் வடிய துவாரமும் மூடியும் வைத்தார்கள். ஆற்றைக் கடக்கும்போது மூடு, மழை விட்டதும் திற.

வானில் பறந்த கதையும் இதற்கு உண்டு. 1944 ஜூனில் நார்மண்டியில் அமெரிக்க வான்வழிப் படை எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களில் இறங்கியது. வாக்கோ என்ற அந்தக் கிளைடருக்குள் ஒரு ஜீப்பை ஏற்றலாம், அல்லது ஒரு டிரெய்லரை ஏற்றலாம். இரண்டையும் சேர்த்து ஏற்ற இடமில்லை. ஆக ஜீப் ஒரு கிளைடரில், அதன் டிரெய்லர் இன்னொன்றில். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வயலில் இறங்கினால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் குண்டு ஓரிடம், துப்பாக்கி ஓரிடம்.

போர் முடிவதற்குள் பட்லரில் 70,000க்கு மேற்பட்ட டிரெய்லர்கள் செய்யப்பட்டன. வில்லிஸும் சும்மா இருக்கவில்லை. எம்பி-டி என்ற பெயரில் அதே மாதிரி டிரெய்லரை 60,000 அளவில் செய்தது. அதனால்தான் எண்பது வருடம் கழித்து இன்றைக்குக் கேள்வி வருகிறது: கண் முன்னால் நிற்கும் இந்தத் துருப்பிடித்த பெட்டி யாருடையது?

தகட்டைக் கடைசியாகப் பார்

திருவிழா நடக்கும் திடலில் ஒரு மூலையில் பழைய இராணுவ வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். ஜீப்பைச் சுற்றிக் கூட்டம். ஒரு டிரெய்லரின் பக்கத்தில் மட்டும் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் மடக்கு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் டிரெய்லரின் முன்பக்கத்தில் குனிந்து தகட்டைத் தேடுவதைப் பார்த்துச் சிரித்தார்.

"தகட்டை எப்போதும் கடைசியில் பாருங்கள். புதுத் தகடு கடையில் விற்கிறார்கள். நாலு ரிவெட் அடித்தால் எந்த டிரெய்லரும் எந்த டிரெய்லராகவும் ஆகிவிடும்" என்றார். பிறகு எழுந்து, வரிசையாக நின்ற வண்டிகளைக் காட்டிப் பாடம் எடுத்தார். அவர் சொல்லிக் கொடுத்த வரிசையிலேயே இங்கே தருகிறேன். எங்கேயாவது இப்படி ஒரு டிரெய்லர் கண்ணில் பட்டால் உதவும்.

முதலில் டயர். இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் 6.00-16 அளவு. மெலிந்த டயர். அதைவிடத் தடித்த 7.00-16 அளவில் இருந்தால் அது பிற்காலத்தது என்று சந்தேகப்படலாம். ஆனால் டயரை யாரும் மாற்றிவிட முடியும். எனவே இது முதல் குறிப்பு மட்டுமே.

இரண்டாவது மட்கார்டு. சக்கரத்துக்கு மேல் வளைந்து உருண்டையாக இருந்தால் அது போர்க்கால டி-3 ஆகவோ எம்பி-டி ஆகவோ இருக்கலாம். அல்லது 1950களில் வந்த எம்-100 ஆகவும் இருக்கலாம். மேலே மேசை மாதிரித் தட்டையாக, ஓரம் சாய்வாக மடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது எம்-416. 1960களில் எம்-151 என்ற அமெரிக்க இராணுவ ஜீப்போடு வந்தது. வியட்நாம் போர்ப் படங்களில் பார்ப்பது இந்த வகை. இருபது அடி தூரத்திலிருந்தே பிரித்துவிடலாம்.

மூன்றாவது விளக்கும் மின்சாரமும். உருண்டை மட்கார்டுக்காரர்கள் இரண்டு தலைமுறை என்றேனே, அவர்களைப் பிரிப்பது இதுதான். உலகப் போர்க்கால ஜீப் 6 வோல்ட்டில் ஓடியது. 1950இல் வந்த எம்-38 ஜீப் 24 வோல்ட். அதோடு பிறந்த எம்-100 டிரெய்லரின் விளக்கு, இணைப்பு எல்லாமே அதற்கேற்ப மாறின. கம்பி இணைக்கும் முனையைப் பார்த்தே எந்தத் தலைமுறை என்று அவர் சொல்லிவிடுகிறார்.

நான்காவது பின்பக்கம். இராணுவப் பெட்டிக்குப் பின்கதவு கிடையாது. கதவு வைத்தால் இடுக்கு வழியாகத் தண்ணீர் புகும், மிதக்காது. பின்கதவு இருந்தால் இரண்டில் ஒன்று. போருக்குப் பிறகு விவசாயிகளுக்காக பேன்டம் செய்து விற்ற டி3-சி வகையாக இருக்கலாம். அல்லது இராணுவப் பெட்டியை வாங்கிய யாரோ பின்பக்கத்தை அறுத்துக் கதவு வைத்திருக்கலாம். "விளிம்பைத் தடவிப் பாருங்கள். தொழிற்சாலையில் மடித்த தகரம் வழுவழுப்பாக இருக்கும். பண்ணையில் வெட்டி வெல்டிங் அடித்தது கையைக் கீறும்" என்றார். தடவிப் பார்த்தேன். அவர் காட்டிய இரண்டாவது டிரெய்லர் கீறியது.

ஐந்தாவது தரை. தண்ணீர் வடியும் துவாரம் இருக்கிறதா, இல்லையென்றால் அடைத்த தழும்பாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மண்ணும் வைக்கோலும் ஏற்றியவர்களுக்கு அந்தத் துவாரம் தேவைப்படவில்லை. பல பெட்டிகளில் தகரம் வைத்து மூடிவிட்டார்கள். தழும்பு இருந்தால் அது படையில் இருந்து வந்த பெட்டி.

இவை போக, வழக்கமான பெட்டி வடிவத்தில் இல்லாத உறவுக்காரர்களும் உண்டு. இந்தியானா மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் சிட்டியில் கன்வெர்ட்டோ நிறுவனம் செய்தது, மண்ணைக் கவிழ்த்துக் கொட்டும் குட்டி டிரெய்லர். விமானத்தில் கொண்டுபோய், வான்வழிப் படையின் பொறியாளர்கள் ஓடுதளம் போட உதவியது. கே-38 என்பது தொலைபேசிக் கம்பிகளை ஒட்டி இணைப்பவர்களுக்காகவே செய்த டிரெய்லர். மைக்கை நம்பிப் பிழைக்கும் எனக்கு இதன் மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. கட்டளை போய்ச் சேரக் கம்பி வேண்டும், கம்பியை ஒட்ட இந்த டிரெய்லரோடு ஒருவர் சேற்றில் உட்கார வேண்டும். பென்ஹர் என்ற பெயரில் மில்வாக்கியில் செய்த ஒரு டன் டிரெய்லரையும் பார்க்கலாம். அது பெரிய அண்ணன். லாரி வகை வண்டிகள் இழுத்தது, ஜீப்புக்கு ஆகாது.

இத்தனையும் பார்த்து, இது போர்க்காலக் கால் டன் டிரெய்லர் என்று முடிவான பிறகுதான் கடைசிக் கேள்வி: பேன்டமா, வில்லிஸா? இராணுவம் ஒரே அளவில் கேட்டதால் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இங்கேதான் தகடு வேண்டும். கம்பெனியின் பெயர், ஊர், இராணுவத்திடம் ஒப்படைத்த தேதி எல்லாம் அதில் இருக்கும். பழைய தகடாக இருந்து, வண்டியின் மற்ற அடையாளங்களும் அதோடு ஒத்துப்போனால்தான் சேகரிப்பவர்கள் நம்புவார்கள்.

அம்மா இருந்த ஊர்

"உங்களுடையது எது?" என்று கேட்டேன். பேன்டம் என்றார். தார்ப்பாயை விலக்கித் தகட்டைக் காட்டினார். எழுத்து பாதி தேய்ந்திருந்தது. ஊர்ப் பெயர் மட்டும் விரலால் தடவினால் தெரிந்தது.

போர்க்காலத்தில் அவருடைய அம்மா இங்கே தொழிற்சாலையில் வேலை செய்தாராம். டிரெய்லர் பகுதியில். கல்யாணத்துக்கு முன்பு. "அம்மா ஜீப்பைப் பற்றிப் பேசியதே இல்லை. ஜீப் என்று யாராவது ஆரம்பித்தால், நாங்கள் செய்தது டிரெய்லர் என்று திருத்துவார். சிறுவனாக இருந்தபோது எனக்கு அது வெட்கமாக இருக்கும். மற்ற பையன்களின் அப்பாக்கள் டாங்கி ஓட்டினார்கள், விமானம் ஓட்டினார்கள். என் அம்மா பெட்டி செய்தார்."

அம்மா இறந்த பிறகுதான் அவர் டிரெய்லர் தேட ஆரம்பித்தார். பண்ணை பண்ணையாகப் போய்ப் பார்த்தார். வில்லிஸ் கிடைத்தது, எம்-100 கிடைத்தது, யார் செய்ததென்றே சொல்ல முடியாதபடி வெட்டி ஒட்டியதும் கிடைத்தது. பட்லர் தகட்டோடு ஒன்று கிடைக்கப் பல வருடம் ஆனதாம்.

"இது உங்கள் அம்மா செய்ததாக இருக்குமா?" என்று கேட்டேன். வானொலியில் பேட்டி எடுக்கிற பழக்கம், அப்படித்தான் கேட்க வரும். அவர் தோளைக் குலுக்கினார். "எழுபதாயிரத்தில் ஒன்று. யாருக்குத் தெரியும்? ஆனால் இது இங்கே செய்தது. அந்த வருடம் அம்மா இங்கே இருந்தார். அது போதும்."

டிரெய்லரை அடையாளம் காண்பது வேலை இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்தப் பெரியவர் அளந்து பார்ப்பது தகரத்தை மட்டுமல்ல.

தீர்ப்பு வந்தது, பெயர் வரவில்லை

ஜீப்பை உருவாக்கியது நாங்கள்தான் என்று போர்க்காலத்தில் வில்லிஸ் பெரிய பெரிய விளம்பரங்கள் கொடுத்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1943இல் அதை எதிர்த்து வழக்கெடுத்தது. ஐந்து வருடம் இழுத்து 1948இல் முடிவு வந்தது. ஜீப்பின் யோசனை இராணுவ அதிகாரிகளோடு சேர்ந்து பேன்டம் நிறுவனத்தில் உருவானது என்றும், தானே படைத்ததாக வில்லிஸ் சொல்லிக்கொள்ளக்கூடாது என்றும் ஆணையம் சொன்னது.

பட்லருக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் ஜீப் என்ற பெயர் 1950இல் வில்லிஸின் வணிகச் சின்னமாகப் பதிவாகிவிட்டது. பேன்டம் மறுபடி கார் செய்யவே இல்லை. டிரெய்லர் செய்துகொண்டே இருந்து, 1956இல் ஓர் உருக்கு நிறுவனத்தின் கைக்குப் போனது. 49 நாளில் செய்த அந்த முதல் வண்டியும் இன்று இல்லை. முதல் ஆர்டரில் ஏழாவதாகச் செய்த வண்டிதான் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. அதைச் செல்லமாகத் தாத்தா என்று பொருள்படும் கிராம்ப்ஸ் என்ற பெயரில் அழைக்கிறார்கள். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து அது.

நம் பக்கம் வந்த வாரிசு

பட்லர் வண்டியின் வம்சம் நம் மலைகளுக்கும் வந்தது. 1947இல் பிரிட்டனின் ரோவர் கம்பெனியைச் சேர்ந்த மொரீஸ் வில்க்ஸ், வேல்ஸில் தன் பண்ணையில் போர்முனையிலிருந்து வந்த பழைய ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். இதைப் போல நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. முதல் மாதிரியை ஜீப்பின் சேசிஸ் மேலேயே கட்டினார்கள். 1948இல் லேண்ட் ரோவர் வெளிவந்தது. அதே வருடம்தான் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. பிரிட்டிஷ் படையோடு லேண்ட் ரோவரும் நம் காட்டுப் பாதைகளில் ஏறியது. கேமரன் மலையில் இன்றும் அந்தப் பழைய வண்டிகள் முட்டைக்கோஸ் சுமக்கின்றன.

லேண்ட் ரோவருக்கும் இராணுவ டிரெய்லர் உண்டு. சாங்கி என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் பெயரால் அறியப்படும் முக்கால் டன் டிரெய்லர் அதில் பிரபலம். அதை இனம் காணவும் ஒரே ஒரு கேள்வி போதும்: சக்கரங்களுக்கு இடையே அகலம் எவ்வளவு? பழைய லேண்ட் ரோவருக்கு ஏற்றது குறுகிய தடம், பின்னால் வந்த டிஃபென்டர் வகைக்கு ஏற்றது அகலத் தடம். முன்னால் போகும் வண்டியின் தடத்திலேயே பின்பெட்டியும் உருள வேண்டும் என்ற பட்லர்காரர்களின் அதே கணக்கு. போர்ட்டிக்சன் இராணுவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், பீரங்கியோடு நின்று படம் எடுத்த பிறகு, சின்ன வண்டிகளின் டயரையும் மட்கார்டையும் ஒரு நிமிடம் பாருங்கள்.

போக விரும்புவோருக்கு

கோலாலம்பூரிலிருந்து பிட்ஸ்பர்க்குக்கு நேரடி விமானம் இல்லை. இடையில் மாறித்தான் போக வேண்டும். பிட்ஸ்பர்க்கிலிருந்து பட்லருக்குப் போக வாடகைக் கார்தான் வசதி. ஜீப் திருவிழா ஜூன் மாதத்தில் நடக்கிறது. தேதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வாரம் தங்குமிடம் கிடைப்பது சிரமம். பிட்ஸ்பர்க்கில் ஒரு நாள் இருந்தால் ஹைன்ஸ் வரலாற்று மையத்துக்குப் போகலாம். இந்த வட்டாரத்தின் இரும்பு, கண்ணாடி, கார்த் தொழில் வரலாறு அங்கே நன்றாகத் தெரியும்.

ரொட்டியும் உருளைக்கிழங்கும் சலித்துப்போனால் பென் ஹில்ஸ் குன்றின் மேல் இருக்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கோவிலுக்குப் போங்கள். அமெரிக்காவில் தென்னிந்தியர்கள் கட்டிய ஆரம்பகாலக் கோவில்களில் ஒன்று, 1976லிருந்து இருக்கிறது. சாமி கும்பிட்டுவிட்டுக் கீழே உணவகத்தில் புளியோதரை சாப்பிட்டால் ஊருக்கு வந்த மாதிரி இருக்கும்.

பட்லர் திடலில் யாரிடமும் பேசத் தயங்க வேண்டாம். ஜீப் வைத்திருப்பவர்களிடம் நாள் முழுக்க யாராவது கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அவர்களுக்குக் களைத்துப்போயிருக்கும். டிரெய்லர் வைத்திருப்பவரிடம் போய், "இது எந்த ஊரில் செய்தது?" என்று மட்டும் கேளுங்கள். இன்னொரு மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார வைத்துவிடுவார்.